தனகோடி இறங்கிய விதம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், சென்னைக்கு மேற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த பொற்கிளி ஸ்டூடியோவில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஆட்டக்காரி தனகோடி தன் ஆட்டத்தின் முடிவில் எம்பிக் குதித்தாள். குதித்தவள் கீழே வரவில்லை. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, வலது காலை மடக்கி, இடது காலை நீட்டி, நட்சத்திர வடிவ மேடைக்கு நேர் உச்சியில் அப்படியே நின்றாள். சலங்கை மட்டும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு ஓய்ந்தது.

அவள் இறங்காததற்குத் தன் வலது கைதான் காரணம் என்று டோலக் வாசித்த சவரிமுத்துவுக்கு உடனே தெரிந்துவிட்டது. குதிப்பவளின் கால் தரையைத் தொடும் அதே கணத்தில் டோலக்கின் கடைசித் தட்டு விழ வேண்டும். அந்தத் தட்டைக் கேட்டுத்தான் கால் இறங்கும். இருபத்திரண்டு வருஷமாக, நாடகக் கொட்டகையில் கூரை பற்றி எரிந்தபோதுகூட, கடைசித் தட்டை வாசிக்காமல் அவர் எழுந்ததில்லை. ஆனால் அன்று, தட்டு விழுவதற்கு அரை மூச்சுக்கு முன்னால் டைரக்டர் “கட்” என்று சொல்லிவிட்டார். ஸ்டூடியோவில் சேர்ந்து ஆறு வருஷத்தில் அந்தச் சொல்லுக்குப் பழகிப்போன கை, டோலக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. கை நின்றதால் அவளும் நின்றாள்.

டைரக்டர் அவசரப்பட்டதற்கும் காரணம் இருந்தது. முதலாளி வேதாசலம் மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில் ஓர் அமெரிக்கப் படம் பார்த்திருந்தார். அதில் கதை என்று ஒன்று கிடையாது. அந்த ஊர் ஸ்டூடியோவின் நட்சத்திரங்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி பாடினாள், ஒருவன் குழல் ஊதினான், இரண்டு பேர் ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டார்கள், நூறு பெண்கள் படிக்கட்டில் ஒரே மாதிரி காலைத் தூக்கினார்கள், கடைசியில் எல்லாருமாக நின்று போர்வீரர்களுக்கு வணக்கம் சொன்னார்கள். அதே போல் நாமும் எடுப்போம் என்று ஆரம்பித்ததுதான் பதினாறு ஆட்டங்கள் கொண்ட ‘இன்ப வரிசை’. யுத்த நிதிக்கான படம் என்று சொன்னதால்தான் அந்தப் பஞ்ச காலத்தில் பிலிம் சுருளே கிடைத்தது. அதுவும் அளந்து கிடைத்தது. அதில் ஏழாவது ஆட்டம் குமாரி விமலாவின் நாட்டியம். விமலாவுக்கு அழகான முகம், ஆட வராது. அதனால் ஆடுவது தனகோடி. காமிரா தூரத்தில் நிற்கும், முகத்தில் நிழல் விழும்படி விளக்கு வைப்பார்கள். குதிக்கிறவரை தனகோடி. தரையில் கால் பதிந்ததும் நிமிர்ந்து பார்க்கும் முகம் விமலா. இரண்டையும் ஒட்டுவதற்குத் தோதாகத்தான் டைரக்டர் முந்திக்கொண்டார்.

“தங்கச்சி, கொஞ்சம் பொறு, இதோ தட்டிடறேன்” என்று சவரிமுத்து கையை ஓங்கினார்.

“அடிக்காதண்ணே” என்றாள் தனகோடி மேலிருந்து.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஒம்பது படத்துல என் காலு வந்தாச்சு. மன்னார்குடியில எங்கம்மா ஒவ்வொரு படத்துக்கும் போயி, ‘அது என் மவ காலு’ன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காட்டுது. ஊரே சிரிக்குது. போன மாசம் எழுதியிருந்துச்சு, ஒரு தடவையாவது முகத்தோட வாடின்னு. காமிராவைக் கிட்ட கொண்டாரச் சொல்லு. என் முகத்தைப் பிடிக்கட்டும். அப்புறம் நீ அடி, நான் எறங்கறேன்.”

முதலாளிக்கு ஆள் போயிற்று. வந்தார், பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். “முகமெல்லாம் விமலாவோடதுன்னு முடிவாயாச்சு. சாப்பாட்டு நேரத்துக்குள்ள இறக்குங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் நாலு பேர் அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. நாலு பேரும் கொஞ்சம் மேலே போனார்கள். அடுத்து, பக்கத்து ஸ்டூடியோவிலிருந்து வேறொரு டோலக்காரரைக் கூட்டிவந்து அதே தட்டை வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்தார், நன்றாகவே வாசித்தார். மேலே சலங்கை மணி ஒன்றுகூட அசையவில்லை. அவர் தன் டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே, “விட்ட கைதான் வாசிக்கணும். இது உங்களுக்குத் தெரியாதா?” என்று முதலாளியின் காரியஸ்தரிடம் சொல்லிவிட்டு, சவரிமுத்துவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எல்லாம் சவரிமுத்துவின் கையில் இருந்தது. சாயங்காலம் அவர் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வலது கையில் மணிக்கட்டு வரை சுற்றிக்கொண்டார். “என்னய்யா கையில?” என்று காரியஸ்தர் கேட்டார். “சுளுக்கு” என்றார் சவரிமுத்து. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

படம் நிற்க முடியாது. பிலிம் இருக்கிறவரைக்கும், தேதி இருக்கிறவரைக்கும் ஆட்டங்களை எடுத்தே ஆக வேண்டும். இருந்த ஒரே பெரிய தளத்தின் நடுவில்தான் தனகோடி நின்றாள். ஆகவே ஸ்டூடியோ அவளைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டது, வீதி நடுவில் இருக்கிற அரசமரத்தைச் சுற்றி வண்டிகள் போகப் பழகிக்கொள்வது போல. விளக்குக்காரர்கள் அவள் நிழல் விழாதபடி விளக்குகளை மாற்றி மாட்டினார்கள். காமிராக்காரர் மிஸ்திரி, பம்பாயிலிருந்து வந்த பார்சி, அவள் குதிகாலுக்கு ஒரு சாண் கீழே, காமிராப் பார்வைக்கு எல்லையாக ஒரு கறுப்பு நூலைக் கட்டி, “இதுக்கு மேலே உலகம் இல்லை” என்று தன் தமிழில் சொன்னார். ஒலிப்பதிவுக்காரர் மைக் தொங்கவிடும் நீளக் கம்பைக் கொடுத்தார். அதன் நுனியில் தூக்குச்சட்டியைக் கட்டிக் காலையில் இட்லியும் மத்தியானம் சோறும் மேலே போயின. துணை நடிகைகள் பழைய நாடகத் திரை ஒன்றை எடுத்து அவளைச் சுற்றித் தொங்கவிட்டார்கள். அதில் ராஜாவின் நந்தவனம் எழுதியிருந்தது. அதற்குள் ஏணி வைத்து ஏறி அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், தலை பின்னினார்கள், மற்றதையும் பார்த்துக்கொண்டார்கள். ஹாஸ்ய ஜோடியில் உயரமானவருக்கு இரண்டு தடவை சலங்கை உச்சியில் இடித்தது. “பெண்டாட்டி உதைக்கு இது தேவலாம்” என்றார் அவர்; மூன்றாம் தடவை வேண்டுமென்றே இடித்துக்கொண்டார், அன்று அவருடைய ஆட்டம் ஒரே டேக்கில் சரியாக வந்துவிட்டது. அதிலிருந்து காமிரா முன்னால் போகிற ஒவ்வொருவரும் திரைக்குள் கையை விட்டு அந்த நீட்டிய காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

விமான அபாயப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் மாதாந்திர சோதனைக்கு வந்தார். கூரையைப் பார்த்தார், மணல் வாளிகளை எண்ணினார், தனகோடியையும் பார்த்தார். “இது எத்தனை நாளா?” என்று கேட்டார். ஆறு நாள் என்றார்கள். நோட்டில், தரைக்கு மேலே பெண் ஒருத்தி, வெளிச்சம் காட்டுவதில்லை, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சவரிமுத்து தினமும் வந்தார். டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் இடது கையால் மட்டும் வாசித்தார். வலது பக்கத் தோலின் கணீர் இல்லாமல், அந்தப் படத்தில் டோலக் சத்தம் பூமிக்கு அடியில் யாரோ நடப்பது போலவே இருக்கும். பாட்டுக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அந்த நடைக்குத் தகுந்தபடி பாட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் எல்லார் கண்ணும் ஒரு முறை அவருடைய சுற்றிய கையைப் பார்த்துவிட்டு மேலே போகும்.

நாளாக ஆக, சாப்பாட்டு வேளையில் ஆட்கள் அவள் காலடியில் உட்கார ஆரம்பித்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சண்டைக்காரர் எத்திராஜுலு, பதினாலு படத்தில் கதாநாயகனுக்காக மாடியிலிருந்து விழுந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “என் முதுகைப் பார்த்தா எங்க தெருவுல எல்லாரும் கும்பிடறாங்க தனகோடி. திரும்பினா யாருக்கும் தெரியல.” விமலாவின் வாயிலிருந்து வரும் பாட்டையெல்லாம் உண்மையில் பாடுகிற தைலாம்பாள், “எனக்கு முதுகுகூடக் கிடையாது” என்றாள். வசனம் எழுதிக் கொடுத்துவிட்டு முதலாளி பேரைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தவர் அங்கேயே இருந்தார். அவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். இப்படிக் கீழே உட்கார்ந்தவர்கள் சொன்னதையெல்லாம் மேலே நின்றவள் கேட்டாள். பத்தாம் நாளில் அவள் இன்னும் ஒரு முழம் உயர்ந்திருந்தாள். தச்சர் ஏணிக்கு இரண்டு படி கூடுதலாக வைத்தார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, யாரும் அவரிடம் கேட்கவில்லை.

குமாரி விமலாவும் ஒரு நாள் வந்தாள். பத்தொன்பது வயசு. மேக்கப்போடு ஏணியில் ஏறித் திரையை விலக்கினாள்.

“அக்கா, என் மேல கோபமா?”

“உன் மேல என்னடி கோபம்? உன் முகத்துக்குக் காலு இல்ல, என் காலுக்கு முகம் இல்ல. ரெண்டு பேரைப் பிடிச்சு முதலாளி ஒரு ஆளைச் செஞ்சுட்டாரு. மிச்சம் இருக்கற ஒரு ஆளு எங்க போறதுன்னுதான் நான் கேக்கறேன்.”

விமலா ஏணிப் படியிலேயே உட்கார்ந்தாள். “எங்க வீட்டுல நான் நல்லா ஆடறேன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க” என்றாள். மறுநாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். டாக்டர் வந்து பார்த்து, உடம்பு சுடவில்லையே என்றார். “உள்ளுக்குள்ள சுடுது” என்றாள். ஏழாவது ஆட்டத்துக்கு வேண்டிய முகம் படுக்கையை விட்டு எழவில்லை.

பதினைந்தாம் நாள் முதலாளி சவரிமுத்துவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“பிலிம்ல எண்பதடி மிச்சம் இருக்கு. ஒரு நிமிஷத்துக்கும் குறைச்சல். அதுல நான் யுத்த நிதிக்கு வேண்டுகோள் விடறேன், படம் முடியுது. நாளன்னிக்கு சர்க்கார் அதிகாரி வந்து உட்கார்ந்து பார்க்கப்போறார். அவர் தலைக்கு மேல ஒரு பொம்பளை நிக்க முடியாது. ஏழாவது ஆட்டத்தையே வெட்டி எறியச் சொல்லிட்டேன், அந்தக் காலும் இனி படத்துல கிடையாது. போய் அவளை இறக்கு.”

“கை சுளுக்குங்க.”

“சவரிமுத்து, நான் சொன்னா இந்த ஊர்ல எந்த ஸ்டூடியோ கதவும் உனக்குத் திறக்காது. யோசிச்சுக்கோ. நாளன்னிக்கு அந்த வேஷ்டித் துணி உன் கையில இருக்கக்கூடாது.”

“சரிங்க” என்றார் சவரிமுத்து. “இருக்காது.”

அவர் நேராகத் தளத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். ஒன்பது படத்தில் வந்த கால் பத்தாவதில் இல்லாமலே போகப்போகிறது என்று கேட்டதும் தனகோடி தன் நீட்டிய காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “எண்பதடியா?” என்று மட்டும் கேட்டாள். மிஸ்திரி தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நாப்பது போதும். முகத்துக்கு நாப்பது நிறைய” என்றார். டைரக்டர் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வியாழக்கிழமையிலிருந்து அவர் யார் கண்ணையும் பார்ப்பதில்லை. தச்சர் நட்சத்திர மேடையின் ஆணிகளைச் சரிபார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

பதினேழாம் நாள் காலை சர்க்கார் அதிகாரி மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நந்தவனத் திரையை இன்னும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள்; கீழேயிருந்து பார்த்தால் தொங்கும் அலங்காரம் போல்தான் இருந்தது. முதலாளி ஜரிகைத் தலைப்பாகையோடு நட்சத்திர மேடையில் போய் நின்றார். தளத்தில் வெளிச்சம் சரியாக விழுகிற இடம் அது ஒன்றுதான் என்று விளக்குக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

“அவ இன்னும் இருக்காளா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“உங்க தலைப்பாகைக்கு மேலே உலகம் இல்லை சார்” என்றார் மிஸ்திரி.

“ஸ்டார்ட்” என்றார் டைரக்டர்.

முதலாளி பேசினார். மகாஜனங்களே என்று ஆரம்பித்து, நமது படைகள் என்று போய், தாராளமாக என்கிற சொல்லுக்கு வந்தபோது, சவரிமுத்து வலது கையைச் சுற்றியிருந்த துணியின் கடைசிச் சுற்றைப் பிரித்தார். பதினேழு நாள் காற்றுப் படாத கை வெளுத்து, சுருங்கி, வேறு யாருடையதோ போல இருந்தது. அவருக்கு ஒரு பயம் வந்தது, அந்தத் தட்டு மறந்திருக்குமோ என்று. மேலே பார்த்தார். திரைக்கு இடையில் தனகோடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை அசைத்தாள்.

அடித்தார்.

வியாழக்கிழமை விழ வேண்டிய தட்டு பதினேழாம் நாளான அந்தச் சனிக்கிழமை விழுந்தது. அதோடு கூடவே, இத்தனை நாள் இடது கை மட்டும் வாசித்து முடித்த பாட்டுகளில் விட்டுப்போன தட்டுகள் எல்லாம் விழுந்ததாக அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். முதலில் கால் வந்தது, பிறகு சலங்கை, பிறகு புடவைக் கொசுவம், இடுப்பு, தோள். முதலாளிக்கும் காமிராவுக்கும் நடுவில், மேடையின் முன்முனையில், தனகோடி வந்து இறங்கினாள். பலகை நடுவில் விரிசல் விட்டது. தூசி முழங்கால் வரை எழும்பியது. அவள் நிமிர்ந்து காமிராவுக்குள் பார்த்தாள். சிரிக்கவில்லை. மிஸ்திரி காலையிலேயே காமிரா லென்ஸின் கூர்மையை முதலாளியின் முகத்துக்கு வைக்காமல், அதற்கு ஒரு முழம் முன்னாலிருந்த வெறுங்காற்றுக்கு வைத்திருந்தார்.

“நிறுத்து” என்றார் முதலாளி பின்னாலிருந்து. “நிறுத்துய்யா.”

ஆனால் ஓடுகிற காமிராவை நிறுத்தச் சொல்ல ஸ்டூடியோவில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. எல்லாரும் டைரக்டரைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையைச் சுருட்டித் தன் வாயில் வைத்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பிலிம் ஓடியது. இருபதடி, முப்பதடி, நாற்பதடி; தனகோடி கண் கொட்டாமல் நின்றாள். கடைசி அடியும் தீர்ந்து காமிரா வெறுமனே கடகடக்கிற வரைக்கும் டைரக்டர் கைக்குட்டையை எடுக்கவில்லை.

சர்க்கார் அதிகாரிதான் முதலில் கை தட்டினார். வானத்திலிருந்து வந்தவள் பாரதத் தாய் என்று தன் மனைவிக்கு விளக்கினார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, வெற்றி தேவதை என்று மாற்றிக்கொண்டார். படத்திலேயே இதுதான் பிரமாதம், இதில் ஓர் அங்குலம்கூடக் குறையக்கூடாது என்றார். முதலாளி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஆமாம், ரொம்ப நாள் யோசித்து வைத்தது என்றார்.

சொன்ன வார்த்தையை அவர் ஒரு விஷயத்தில் மட்டும் காப்பாற்றினார். சவரிமுத்துவுக்கு எந்த ஸ்டூடியோ கதவும் திறக்கவில்லை. தனகோடி சேலத்தில் ஒரு கம்பெனிக்குப் போனாள். முதலில் முகம், அப்புறம் கால் என்று சொல்லித்தான் உள்ளே போனாளாம். ‘இன்ப வரிசை’ டைட்டிலில் அவள் பேரும் இல்லை, சவரிமுத்து பேரும் இல்லை. சவரிமுத்து ஒரு நாடகக் கம்பெனியோடு தஞ்சாவூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது, மன்னார்குடியில் ‘இன்ப வரிசை’ ஓடுவதைக் கேள்விப்பட்டு, தனகோடியின் அம்மா செல்லத்தம்மாளைத் தேடிக்கொண்டு போனார்.

“மூணு தடவை பார்த்துட்டேன் தம்பி” என்றாள் செல்லத்தம்மாள். “முகம் வருதுன்னு எழுதியிருந்தா. வரல. தலைப்பாகைக்காரன் பேச ஆரம்பிக்கறான், சனங்க எந்திரிக்குது, கொட்டகைக்காரன் விளக்கைப் போட்டுடறான்.”

சவரிமுத்துவுக்குப் புரிந்தது. எல்லா ஊரிலும் அப்படித்தான். யுத்த நிதிப் பேச்சு வந்தால் ஆபரேட்டர்கள் படத்தை நிறுத்திவிடுவார்கள். ஜனங்களுக்கும் அதுதான் வேண்டும். அப்படியானால் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கொட்டகைகளில் தனகோடி இன்னும் மேலேயேதான் நின்றுகொண்டிருக்கிறாள்.

மத்தியான ஆட்டத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். அவள் பெண்கள் பக்கம் பெஞ்சில், அவர் ஆண்கள் பக்கம் மணலில். பதினைந்து ஆட்டமும் முடிந்து, தலைப்பாகை வந்தது, மகாஜனங்களே என்றது. ஜனங்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையின் உச்சியில் ஒரு கால் தெரிந்தது, சலங்கை கட்டிய கால். உடனே திரை வெளுத்தது, விளக்கு எரிந்தது.

செல்லத்தம்மாள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“எல்லாரும் உக்காருங்க. என் மவ இன்னும் எறங்கல.”

“படம் முடிஞ்சிடுச்சு ஆத்தா” என்றார் ஆபரேட்டர் பின் ஜன்னலிலிருந்து.

“உனக்கு முடிஞ்சிருக்கும். காலைத்தான் ஒம்பது படத்துல பாத்தாச்சே. முகம் வரட்டும்.”

யாரோ சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் வாசலில் சத்தம் போட்டார்கள். அப்போது சவரிமுத்து, எழுந்தவர்களுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்தபடியே, வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அத்தனை நேரம் படம் முழுக்கக் கேட்ட நடை அது, பூமிக்கு அடியில் யாரோ நடக்கிற மாதிரி. கேட்டவர்களுக்குக் காதில் அது இன்னும் முடியாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் உட்கார்ந்தார். அவர் பின்னால் இன்னொருவர். பெண்கள் பக்கம் மொத்தமாக உட்கார்ந்தது. வெளியே நின்றவர்களும் உள்ளே வந்து இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். முந்நூறு பேர் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டு, வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

கடைசியில் ஜன்னலில் ஆபரேட்டரின் தலை மறைந்தது. விளக்கு அணைந்தது. தலைப்பாகை மறுபடி முதலிலிருந்து பேசித் தாராளமாக என்றது, கால் வந்தது, சலங்கை வந்தது, இடுப்பும் தோளும் வந்தன. முந்நூறு வலது கைகளும் ஒன்றாக இறங்கின.

திரை முழுக்கத் தனகோடியின் முகம் இருந்தது. செல்லத்தம்மாள் பெஞ்சின் மேல் நின்றபடியே அதைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“இப்ப சிரிங்கடி.”

யாரும் சிரிக்கவில்லை.